பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்

பதினோராவது தடவையும் திரும்பிவிட்டது.
சுயவிலாச உறை,
என் கையெழுத்திலேயே எனக்கு வந்த கடிதம்.
உள்ளே அரைத் தாள்:
'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.'
வருத்தத்தை ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள்.
மூலையில் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்,
அது மட்டும் அசல்.

முனவ்வர் பாய் கடைக்கு எடுத்துப் போனேன்.
சைதாப்பேட்டை முனையில் டிடிபி,
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
காலையில் காதணி விழா, மதியம் கண்ணீர் அஞ்சலி,
இரண்டுக்கும் நடுவில் என் கதை.
"இன்னாம்மா, இதுவும் ரிட்டனா?" என்றார்
கீபோர்டிலிருந்து கண்ணெடுக்காமல்.
"அந்தக் கம்பவுண்டர் பொண்டாட்டி
எதுக்குத் திரும்பிப் போனா? அதான் எனக்குப் புரியல."
எழுதிய எனக்கும் தெரியாது என்பது
அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

ஒருமுறை வெயிலை மயில் என்று அடித்துவிட்டார்.
'சாயங்காலம் மயில் இறங்கியது கோட்டைச் சுவரில்.'
திருத்தவில்லை.
அந்தக் கதையில் உருப்படியான ஒரே வரி அது.

எனக்கு வேலை இரவில்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ்.
பேர், ஊர், வந்த காரணம், எத்தனை நாள்.
மால்டா, அகர்தலா, சிட்டகாங்.
கிட்னி. கல்லீரல். குழந்தை இல்லை.
எத்தனை நாள் என்ற கட்டத்தை மட்டும்
எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள்.

நாலரைக்குப் பதினேழாம் நம்பர் கதவைத் தட்ட வேண்டும்.
பிரணதி பிஸ்வாஸ்,
புருஷன் எழுவதற்குள் போய் வரிசையில்
துப்பட்டாவை முடிந்து இடம் பிடிப்பவள்.
ஊக்கத்துக்கு அவள் பாஷையில் என்ன சொல் என்று
நான் கேட்டதில்லை.
டோக்கன் எல்லா பாஷையிலும் டோக்கன்.
ஒருநாள் அரைகுறை இந்தியில் அவள்தான் கேட்டாள்:
ராத்திரியெல்லாம் என்ன எழுதுகிறாய், பில்லா?
கதை.
எவ்வளவு தருவார்கள்?
நான்தான் தருகிறேன் என்றேன்.
சிரித்தாள். வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊருக்கு ஒரு சொலவடை உண்டு,
வெளியூர்க்காரன் கேலிக்குச் சொல்வது:
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை.
புத்தகம் இல்லாத எழுத்தாளர் என்று இன்னொன்று சேர்த்தார்
அக்கா புருஷன், போன பொங்கலுக்கு,
வாயில் வடையோடு.

நிறுத்திவிட்டேன்.
மாசி முழுக்க, பங்குனியில் பாதி.
நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை.
திரும்பத் தொடங்கியதும்தான்.
அந்த நாற்பது நாளில் ரிஜிஸ்டரில்
காரணம் என்ற கட்டத்துக்குள்
என் எழுத்து கொஞ்சம் நீளமாகிக்கொண்டே வந்தது.
முதலாளி கேட்டார்:
"கிட்னின்னா கிட்னி. கூடவே எதுக்கு 'மகள் வரவில்லை'ன்னு?"

அக்கா புருஷனுக்கான பதில்
எப்போதும் போல நேரம் கழித்து வந்தது,
விருதம்பட்டு போகும் பஸ்ஸில், பாலத்தின் மேல்,
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருக்கையில்:
சாமி, நான் பிறப்பதற்கு முன்பே திரும்பி வந்தாயிற்று.
ஆறு, அந்த நவம்பரில், கரை கொள்ளாமல் வந்தது.
ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்று பார்த்தது,
தன் சொலவடையை வெள்ளம் அடித்துக்கொண்டு போவதை.
பட்டியலில் மீதி கொஞ்சம்தான்.

ராஜாவுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

மணி மூன்றே கால்.
கம்பவுண்டர் பெண்டாட்டி பஸ் ஏறிவிட்டாள்.
ஏன் என்று இன்னும் சொல்லவில்லை.
பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில்
கேட்டுக்கொண்டே கூடப் போகிறேன்.
ஆம்பூர் வந்தாயிற்று, அவள் ஜன்னலை மூடவில்லை.
நாலரைக்குள் வாணியம்பாடி தாண்டினால் நல்லது.